போனை இப்போது மாற்றுவதா, பொறுப்பதா: திருகோணமலைக்காரருக்கு ஒரு கணக்கு

புதுப் போன் வாங்கப்போகிறேன் என்று சொன்னவுடன் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை, "கொஞ்சம் பொறுங்கோ, புது மொடல் வரப்போகுது" என்பதுதான். எந்த மொடல், எந்த மாதம், வந்தால் எதன் விலை இறங்கும் என்று திருப்பிக் கேட்டால் அநேகமாகப் பதில் வராது. பொறுப்பதில் பிழையில்லை. எந்தத் தேதிவரை, எதற்காக என்ற இரண்டையும் சொல்லக்கூடியவர் தாராளமாகப் பொறுக்கலாம். சொல்ல முடியாதவர் பழைய போனோடு மாரடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்துகிறார். அதற்கிடையில் ஒருநாள் போன் செத்துப்போக, கிடைத்ததைக் கிடைத்த விலைக்கு வாங்குகிறார். இருக்கிறதிலேயே நட்டமான கொள்வனவு அந்த அவசரக் கொள்வனவுதான்.

வழிகள் நான்கு. இன்றைக்கே புதிது வாங்கலாம். தேதி குறித்துக்கொண்டு பொறுக்கலாம். இருக்கிற போனுக்குப் பட்டரி மாற்றி இன்னொரு வருடம் ஓட்டலாம். பாவித்த போன் எடுக்கலாம். இதில் பட்டரி மாற்றும் வழியைத்தான் ஆட்கள் கணக்கில் எடுப்பதில்லை. எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கையில் இருக்கும் போனுக்கு என்ன வருத்தம்?

"போன் சரியான ஸ்லோ" என்ற ஒரே முறைப்பாட்டுக்குப் பின்னால் மூன்று நாலு வருத்தங்கள் ஒளிந்திருக்கும். முதலாவது, சேமிப்பு நிரம்பியது. 64 ஜிபி போனில் 60 ஜிபி நிரம்பிவிட்டால் எந்தப் போனும் இழுக்கும். சில்லுக்குள் வெற்றிடம் தேடி, பழையதை நகர்த்தி, அழித்து, பிறகுதான் புதியதை எழுத முடியும் என்பதால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு செய்தியும் தாமதிக்கும். வட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, அதற்குள் மெனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் எந்தக் குழு எத்தனை ஜிபி தின்றிருக்கிறது என்று பெயர் பெயராகக் காட்டும். அங்கே பத்து ஜிபியை விடுவித்து, போனை ஒருதரம் அணைத்துப் போட்டு, இரண்டு நாள் பாவித்துப் பாருங்கள். குணமாகிவிட்டால் கடைப்பக்கம் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, ராம் போதாமை. ராம் என்பது திறந்திருக்கும் ஆப்புகளைப் போன் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம். வட்ஸ்அப்பில் இருந்து வங்கி ஆப்புக்குப் போய், ஓடிபி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் வங்கி ஆப் முதலில் இருந்து தொடங்குகிறதா? 3 அல்லது 4 ஜிபி ராம் உள்ள போன்களில் இது அன்றாட வேதனை. இதற்கு வைத்தியம் இல்லை. செட்டிங்ஸில் ராமைக் கூட்டிக்காட்டும் வசதி பல போன்களில் இருக்கிறது. அது சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ராமின் வேலைக்கு இரவல் எடுப்பது. சேமிப்பகம் ராமைவிடப் பல மடங்கு மெதுவானது, ஆகவே பெரிய மாற்றம் தெரியாது. இந்த வருத்தம் மட்டும் இருந்தாலும் புதுப் போன் நியாயம்தான்.

மூன்றாவது பட்டரி. 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும் போன், கமராவைத் திறந்தவுடன் அணைந்துபோகிறதென்றால் பட்டரியின் உள்தடை கூடிவிட்டது என்று அர்த்தம். கமரா ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுக்கும்போது வோல்ட் சரிந்து, போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஐபோனில் செட்டிங்ஸ், பட்டரி, பட்டரி ஹெல்த் என்ற இடத்தில் எண்ணிக்கை கிடைக்கும். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்புக்குள் பரிசோதனைப் பகுதியில் பட்டரி நிலை தெரியும். பட்டரி தேய்ந்த ஐபோன், திடீரென அணைவதைத் தவிர்ப்பதற்காகத் தன் புரொசெசரின் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். அதனால் பட்டரி மாற்றியவுடன் போன் புதிதுபோல ஓடுவதாகத் தோன்றுவது வெறும் தோற்றம் இல்லை.

திருமலையில் பட்டரி சீக்கிரம் தேய்வதற்கு வெயில் ஒரு காரணம். ஐபோனைப் பாவிக்கத்தக்க சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் என்றே அப்பிள் குறித்திருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் நிழலிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். அதற்குள் மோட்டார் சைக்கிள் ஹோல்டரில் வெயில் படப் போட்டு, மெப் ஓடவிட்டு, பவர்பேங்கில் சார்ஜும் ஏற்றினால் மூன்று சூடும் ஒன்றாகச் சேர்கின்றன. லிதியம் பட்டரிக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

போனின் பின்மூடி ஒரு பக்கம் மட்டும் மெல்ல எழும்பியிருக்கிறதா, டிஸ்ப்ளேயின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் பட்டரி ஊதிவிட்டது. அன்றோடு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்துங்கள். அழுத்தி மூடவோ குத்திப் பார்க்கவோ கூடாது. உள்ளே இருக்கும் படலம் கிழிந்தால் தீப்பிடிக்கும். இந்தப் போனுக்கு "பொறுப்பதா" என்ற கேள்வியே கிடையாது. பட்டரியை மாற்ற வேண்டும், அல்லது போனை மாற்ற வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள்.

சார்ஜ் ஓட்டைக்குத் தனியாக ஒரு சொல். டைப்-சி ஓட்டையை டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நடுவில் ஒரு மெல்லிய நாக்கும், அதன் இரு பக்கமும் பொன்னிறக் கோடுகளும் தெரியும். கேபிள் ஆடுகிறது, சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் முதலில் பஞ்சு அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டைப்பைத் தூசு வருடக்கணக்காக அடியில் அழுந்தி, கேபிள் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். போனை அணைத்துவிட்டு மரத் துரும்பால் மெல்லக் கிளறினால் வந்துவிடும். ஊசி பாவிக்க வேண்டாம். பொன்னிறக் கோடுகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அது உப்புக்காற்றின் வேலை. உப்பும் ஈரமும் இருக்கும்போது சார்ஜரின் மின்சாரம் அந்த உலோகத்தை அரித்துத் தின்கிறது. குறைந்த, நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் அந்த ஓட்டை ஒரு சிறு தனிப் பலகையில் இருப்பதால் பலகையை மட்டும் மாற்றலாம், செலவும் அதிகமில்லை. தாய்ப்பலகையிலேயே பற்றவைத்திருக்கும் மொடல் என்றால் வேலையும் கூலியும் வேறு. வேலை கொடுக்கும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்ளே உடைந்திருந்தால் கணக்கே மாறுகிறது. அமோலெட் டிஸ்ப்ளே (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) ஒரிஜினலாகப் போட்டால் நடுத்தரப் போனின் பெறுமதியில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். விலை குறைவு என்று கொப்பி டிஸ்ப்ளே போடுவார்கள். அது அநேகமாக எல்சிடி. திரைக்குள்ளே விரல்ரேகை வைக்கும் போனில் அதைப் போட்டால் விரல்ரேகை வேலை செய்யாது. அமோலெட்டின் ஒளிப்புள்ளிகளுக்கு இடையால்தான் அந்த உணரி விரலைப் பார்க்கிறது, எல்சிடியின் பின்னால் இருக்கும் விளக்குத்தாள் அந்தப் பார்வையை மறைத்துவிடும். வெயிலில் வெளிச்சமும் குறைவு. நிலாவெளிக் கடற்கரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு போன் பார்த்துத் தொழில் செய்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட நடுத்தரப் போனில் டிஸ்ப்ளே போனால், அந்தக் காசைப் புதியதில் போடுவதே நல்லது.

கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட். செட்டிங்ஸில் எபவுட் போன் என்ற இடத்தில் கடைசியாக வந்த பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையதாகி, புதிதாக ஒன்றும் வருவதில்லை என்றால், அந்தப் போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது வீட்டுக் கதவைச் சாத்தாமல் தூங்குவது மாதிரி. வட்ஸ்அப் 2025 ஜனவரியில் அன்ட்ரொய்ட் 5 க்குக் கீழ்ப்பட்டவற்றையும், அதே ஆண்டு மே மாதத்தில் ஐஓஎஸ் 15.1 க்குக் கீழ்ப்பட்டவற்றையும் கைவிட்டது. வங்கி ஆப்புகள் அதற்கும் முன்னரே கைவிடும்.

ஆக, சேமிப்பு, பட்டரி, சார்ஜ் ஓட்டை என்ற மூன்றுக்குள் வருத்தம் அடங்கிவிட்டால் பொறுக்கலாம். ராம், டிஸ்ப்ளே, அப்டேட், தாய்ப்பலகை என்றால் பொறுப்பதால் ஒன்றும் திருந்தாது.

மாதச் செலவாகப் பிரித்துப் பார்த்தால்

விலையைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது தெளிவு. கீழே உள்ள தொகைகள் கணக்குக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் கடையில் கேட்ட விலையைப் போட்டுப் பாருங்கள்.

45,000 ரூபாவுக்கு ஒரு போன், இரண்டரை வருடம் ஓடுகிறது: 30 மாதம், மாதம் 1,500. அடுத்து 84,000 ரூபாவுக்கு ஒரு போன், ஐந்து வருடம் ஓடுகிறது, நடுவில் ஒருதரம் 8,000 ரூபாவுக்குப் பட்டரி மாற்றுகிறோம்: மொத்தம் 92,000, 60 மாதம், மாதம் சுமார் 1,530. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே "விலை கூடிய போன் வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும்" என்பதும் சரி, "மலிவானதை வாங்கி அடிக்கடி மாற்று" என்பதும் சரி. எது உங்களுக்குச் சரி என்பதை உங்கள் கை தீர்மானிக்கிறது: ஐந்து வருடம் உடைக்காமல், நனைக்காமல், தொலைக்காமல் வைத்திருப்பீர்களா? விடியப்புறம் வள்ளத்தில் போகிறவர், கரைவலை இழுக்கிறவர், மேசன் வேலைக்குப் போகிறவர் 45,000 ரூபாப் போனை எடுத்து, நல்ல தண்ணீர்ப் பை ஒன்றில் போட்டுக்கொள்வது புத்தி. கந்தோரில் மேசையில் வைத்துப் பாவிக்கிறவர் 84,000 ரூபாப் போனுக்குப் போகலாம். திரையும் கமராவும் ஐந்து வருடமும் நன்றாக இருக்கும்.

மூன்றாவது வழியைப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் போனுக்கு 6,500 ரூபாவில் பட்டரி, இன்னும் 12 மாதம்: மாதம் 540 ரூபா. வேறெந்த வழியும் இதற்குக் கிட்ட வராது. சிக்கல் பட்டரியின் தரத்தில்தான் இருக்கிறது. போனில் எழுதியிருக்கும் கொள்ளளவைவிட ஆயிரக்கணக்கில் அதிகம் எழுதியிருக்கும் பட்டரியை நம்பக்கூடாது. அதே அளவு இடத்துக்குள் அவ்வளவு திறன் அடங்காது. மாற்றும்போது சூடாக்கி மூடியைக் கழற்றுவதால், தண்ணீர் புகாமல் காக்கும் பசை போய்விடும். புதுப் பசை வைத்தாலும் பழைய காப்பு முழுமையாகத் திரும்பாது. அன்றிலிருந்து அந்தப் போன் மழையில் நனையலாம் என்று எண்ண வேண்டாம். பட்டரி கடையில் கையிருப்பில் இல்லையென்றால் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டியிருக்கும்; வந்து சேர்ந்த பிறகு போனைக் கொடுங்கள், வருமுன் கழற்றிப் போட விடாதீர்கள்.

தவணைக்கு வாங்குவோருக்கு இன்னொரு கணக்கு. "வட்டியில்லை" என்று சொன்னாலும் காசு விலை என்ன, 12 மாதத் தவணை விலை என்ன என்று இரண்டையும் கேளுங்கள். காசுக்கு 90,000, தவணைக்கு 96,000 என்றால் அந்த 6,000 தான் வட்டி. மாதாமாதம் கடன் குறைந்துகொண்டு வருவதால் உண்மையான வருட வீதம் 12 சதவீதத்தைத் தாண்டுகிறது.

பொறுத்தால் எந்த மாதம்வரை?

இங்கேதான் தேதி வருகிறது. அப்பிள் புது ஐபோனைச் செப்டெம்பரில் வெளியிடுகிறது. அதே நாளில் முந்தைய மொடலின் விலையை அமெரிக்காவில் வழமையாக 100 டொலர் குறைக்கிறது. சாம்சங்கின் எஸ் வரிசை ஜனவரி, பெப்ரவரியை ஒட்டி வரும். நடுத்தர ஏ வரிசையின் முக்கிய மொடல்கள் மார்ச்சில் வரும். 2024 இல் ஏ55, 2025 இல் ஏ56 இரண்டும் மார்ச்சில்தான் அறிவிக்கப்பட்டன. ரெட்மி நோட் வரிசை கடந்த இரண்டு தலைமுறையாக உலகச் சந்தைக்கு ஜனவரியில் வந்திருக்கிறது. கூகுள் பிக்சல் ஓகஸ்ட்.

அமெரிக்காவில் விலை விழுந்த அன்றே திருமலையில் விழாது. கடைக்காரர் பழைய விலைக்கு எடுத்த சரக்கை முதலில் விற்றுத் தீர்ப்பார். செப்டெம்பரில் வந்த ஐபோன் முதல் வாரங்களில் நாட்டுக்குள் கூடுதல் விலைக்கே போகும். ஆகவே ஐபோனுக்குப் பொறுப்பவர் செப்டெம்பர் என்று தேதி வைத்தால் ஏமாறுவார். நவம்பர், டிசம்பர் என்று வைக்க வேண்டும். வருடக் கடைசிக் கழிவுகளும் அப்போதுதான் வரும்.

ஒன்லைன் 11.11 (நவம்பர் 11) விற்பனைக்குக் காத்திருப்பவர் ஒக்டோபர் முதல் வாரத்திலேயே விலையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். கழிவு சதவீதத்தை அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் உண்மைக் கழிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அன்ட்ரொய்ட் நடுத்தரப் போனுக்குத் திருமலைக்காரர் குறிக்க வேண்டிய மாதம் ஏப்ரல். மார்ச்சில் புது ஏ வரிசை வருகிறது, போன வருட மொடல் இறங்கத் தொடங்குகிறது, சித்திரைப் புத்தாண்டுக் கழிவுகள் சேர்கின்றன. அடுத்த மாதமே உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாச் சீசன் தொடங்கிவிடும். படகில் ஆட்களை ஏற்றுகிறவர், அறை வாடகைக்கு விடுகிறவர், ஆட்டோ ஓடுகிறவர் எல்லோருக்கும் முற்பதிவு வட்ஸ்அப்பில்தான். சீசனுக்கு நடுவில் போன் செத்தால் இழக்கும் இரண்டு மூன்று நாள் வருமானம், பொறுத்ததால் மிச்சப்பட்ட காசைத் தின்றுவிடும். இவர்கள் ஜூன், ஜூலையில் தள்ளாடும் போனோடு "செப்டெம்பர் வரட்டும்" என்று இருப்பதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை வாடைக்காலம். மழையும் கடலும் சேர்ந்து போனைக் கொல்லும் மாதங்கள் இவை. கடலுக்குப் போகிறவர் புதுப் போனை ஒக்டோபரில் வாங்கினால் அதன் முதல் மூன்று மாதமே அதற்குப் பொல்லாத காலமாகிவிடுகிறது. பழையது ஓரளவு ஓடுகிறதென்றால் அதையே மாரிக்குப் பலி கொடுத்துவிட்டுப் பங்குனி, சித்திரையில் புதிது எடுக்கலாம். ஐபி68 என்ற தண்ணீர்க் காப்புத் தரம் பெட்டியில் இருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல் நீருக்கு அது உத்தரவாதம் இல்லை. உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால், தண்ணீர்க் காப்புள்ள போனைக் குழாய்த் தண்ணீரால் மெல்லக் கழுவி, ஓட்டை கீழே பார்க்க நிறுத்தி, முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடாமல் இருங்கள். காப்பில்லாத போன் என்றால் கழுவாமல் உடனே அணைத்துத் திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள்.

விலை இறங்கும் என்ற நம்பிக்கைக்கு எதிராக

போன் விலை நாள்போக இறங்கும் என்பது நாம் பழகிய விதி. இலங்கையில் அந்த விதியை டொலர் உடைக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ஐ ஒட்டிப் போனது. அந்த இரண்டு மாதத்தில் "பொறுத்தவர்" எவரும் மலிவாக வாங்கவில்லை. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, கைத்தொலைபேசியும் அதற்குள் வந்தது. ஆகவே வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் காலத்தில், வழமையாக நவம்பரில், செய்தியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வரி கூடும் என்ற அறிவிப்பு வந்தால், நடைமுறைக்கு வருமுன் வாங்குவது ஒன்றே நேரடி இலாபம்.

இன்னொன்று உலகளாவியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாக வாங்கத் தொடங்கியதால், 2025 இன் பிற்பகுதியில் ராம், சேமிப்பகச் சில்லுகளின் விலை ஏறியது. சில்லு உற்பத்தியாளர்கள் இலாபம் கூடிய அந்தப் பக்கமே திரும்பினார்கள். இது முதலில் நெருக்குவது மலிவுப் போன்களைத்தான். அவற்றின் செலவில் நினைவகத்தின் பங்கு பெரியது. புது மொடல் வந்தால் அதே விலைக்கு ராம் கூடும் என்று எதிர்பார்த்துப் பொறுப்பவர், அதே ராமுக்குக் கூடுதல் விலை கொடுக்க நேரலாம். 8 ஜிபி ராமும் 256 ஜிபி சேமிப்பும் உள்ள ஒரு போன் உங்கள் கைக்கெட்டும் விலையில் இப்போது கடையில் இருக்கிறதென்றால், மலிவு வகுப்பில் பொறுப்பதற்கு நல்ல காரணம் இல்லை. விலையுயர்ந்த வகுப்பில் முந்தைய மொடலுக்குப் பொறுப்பது இன்னும் செல்லும்.

5ஜிக்காகப் பொறுப்பதா, 5ஜிக்காக இப்போதே மாற்றுவதா என்று கேட்கிறார்கள். இரண்டும் தேவையற்றது. ஐந்து வருடம் வைத்திருக்க வாங்கும் போனில் 5ஜி இருப்பது நல்லது; இரண்டு வருடத்துக்கு வாங்குவதில் அதற்காகக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டில் எந்தச் சிம்முக்கு 4ஜி சரியாக எடுக்கிறது என்பதே பெரிய கேள்வி. அதைப் புதுப் போன் தீர்க்காது.

கல்ஃபில் இருந்து வரும் போன்

கிண்ணியா, மூதூர், நகரம் எங்கும் பல குடும்பங்களுக்கு ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது: "தம்பி கட்டாரில இருந்து வரேக்க கொண்டு வருவான்." நல்ல வழிதான், ஆனால் மூன்று இடத்தில் இடறும்.

ஐபோன் 17 வரிசை கட்டார், சவூதி, குவைத், ஓமான், பஹ்ரைன், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய நாடுகளில் சிம் தட்டு இல்லாமல், இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும் உள்ளதாக விற்கப்படுகிறது. அமெரிக்க ஐபோன்கள் 14 இல் இருந்தே அப்படி. உங்கள் சிம் கம்பனி இ-சிம் தருகிறதா, திருமலைக் கிளையிலேயே மாற்றித் தருவார்களா என்று தம்பி காசு கட்டுமுன் கேளுங்கள். இரண்டாவது, பல நாட்டுச் சாம்சங் போன்களை முதலில் அந்த நாட்டுச் சிம் போட்டு மொத்தமாக ஐந்து நிமிடத்துக்குமேல் கதைத்தால்தான் வேறு நாட்டுச் சிம் வேலை செய்யும். பெட்டியில் அது ஒட்டியிருக்கும். அங்கேயே செய்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள். மூன்றாவது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி. வெளிநாட்டில் இருந்து கொண்டுவரும் போனுக்கு அப்போது என்ன நடைமுறை என்று ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். வாரண்டியும் அங்கேதான் செல்லும், இங்கே இல்லை என்பதை விலைக் கணக்கில் சேருங்கள்.

பாவித்த போன்

நல்ல பாவித்த போன், புது மலிவுப் போனைவிடப் பல வகையில் சிறந்தது. பிழையானதை எடுத்தால் இரட்டை நட்டம். எந்த மொடல் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. ஐஓஎஸ் 26, 2025 செப்டெம்பரில் வந்தபோது ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டையும் விட்டுவிட்டது. ஐபோன் 11 தான் பட்டியலின் அடி. இன்றைக்கு 11 வாங்குகிறவர் வரிசையில் அடுத்து விழப்போவதை வாங்குகிறார். 13 இல் இருந்து பாருங்கள். அன்ட்ரொய்டில் சாம்சங் எஸ்24 க்கும் கூகுள் பிக்சல் 8 க்கும் வெளியான நாளில் இருந்து 7 வருட அப்டேட் என்று கம்பனிகளே உறுதி கொடுத்திருக்கின்றன. மலிவான ஏ16 க்குக்கூட 6 வருடம். அந்த வருடங்களில் கழிந்தது போக எத்தனை மிச்சம் என்று பார்த்து, மாதச் செலவுக் கணக்கை அந்த மிச்சத்தால் பிரியுங்கள்.

பார்க்கும்போது *#06# தட்டி வரும் 15 இலக்கத்தை, அதாவது அந்தப் போனுக்கே உரிய ஐஎம்ஈஐ எண்ணை, பெட்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். புதுப் போனுக்கும் காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள். இரட்டைச் சிம் போனில் இரண்டு இலக்கத்துக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், எபவுட் என்று போனால் பாகங்களின் வரலாறு தெரியும். டிஸ்ப்ளேயோ பட்டரியோ அந்நியமானது என்றால் அங்கே எழுதியிருக்கும். அதே பக்கத்தின் கீழே கெரியர் லொக் என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்க வேண்டும். விற்கிறவர் தன் ஐகிளவுட்டில் இருந்து உங்கள் கண் முன்னால் வெளியேற வேண்டும். "வீட்ட போய்ச் செய்யிறன், பாஸ்வேர்ட் ஞாபகம் இல்ல" என்றால் போனை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். சாம்சங்கில் *#0*# தட்டினால் சோதனைத் திரை வரும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் முழுத் திரையையும் பார்த்தால் கோடும் எரிந்த தழும்பும் தெரியும். ரெட்மியில் *#*#6484#*#*. ஸ்பீக்கர், மைக் இரண்டையும் ஓர் அழைப்பு எடுத்துக் கதைத்துப் பாருங்கள். இணையத்தில் மலிவாகத் தெரிகிற கொழும்புப் போனுக்குப் போய்வருமுன், 260 கிலோமீற்றர் ஒரு பக்கம், போக்குவரத்தும் சாப்பாடும் ஒருநாள் சம்பளமும் சேர்த்தால் மிச்சம் இருக்கிறதா என்று எழுதிப் பாருங்கள். 3,000 ரூபா வித்தியாசத்துக்குப் போவது வீண்.

கடை மேசையிலும் வீட்டிலும்

வாரண்டி இரண்டு வகை. கம்பனி வாரண்டி என்றால் நாட்டில் அந்தக் கம்பனியின் அங்கீகாரம் பெற்ற முகவர் பொறுப்பு. கடை வாரண்டி என்றால் அந்தக் கடை மட்டும் பொறுப்பு. விலை வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான். கடை வாரண்டி எடுப்பதென்றால் ஊரில் பல வருடமாக நிற்கும் கடையில் எடுங்கள். பற்றுச்சீட்டில் மொடல், ராம், சேமிப்பு, ஐஎம்ஈஐ நான்கும் எழுதியிருக்க வேண்டும். வாரண்டிக்குக் கொடுத்த போன் கொழும்புக்குப் போய்வரும் நாட்களுக்கு வேறு போன் தேவைப்படும், ஆகவே பழையதை உடனே விற்றுவிடாதீர்கள்.

விற்காமல் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் வங்கி ஆப். பல வங்கிகளில் ஆப் குறிப்பிட்ட ஒரு போனோடு கட்டப்பட்டிருக்கும். பழைய போனும் சிம்மும் கையில் இருக்கும்போதே புதியதில் பதிவு செய்து, ஒரு சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். வட்ஸ்அப் பேச்சுகளைப் பழையதில் பெக்அப் எடுத்த பிறகே புதியதில் எண்ணைப் பதியுங்கள். அன்ட்ரொய்டில் இருந்து ஐபோனுக்குப் போகிறவர் கவனிக்க: அந்த மாற்றம் புது ஐபோனை முதன்முதல் தொடங்கும் வேளையில் செய்ய வேண்டியது. தொடங்கிப் பாவித்துவிட்டால் ஐபோனை அழித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்க நேரும்.

இரண்டு கிழமை இரண்டு போனையும் வைத்திருங்கள். எல்லாம் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, பழையதில் கூகுள் கணக்கை முதலில் நீக்கி, அதன் பின் செட்டிங்ஸ் வழியாக முழுதாக அழியுங்கள். கணக்கை நீக்காமல் அழித்தால் வாங்கியவர் திறக்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும், அப்படியானால் அவர் உங்கள் வாசலில் வந்து நிற்பார்.